1980க்கு முந்திய சுவரைக் காட்டுங்கள்

வாடகைக்கு வீடு தேடிப் போகிற பெண்ணிடம் கிளிநொச்சியில் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு தருவாய் என்றல்ல. "அவர் எங்கை?" என்றுதான் கேட்கிறார்கள்.

என் புருசன் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். பேரைப் பதிந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். நானும் பிள்ளைகளும் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இதைத் திருநகரிலும் கனகபுரத்திலும் உதயநகரிலும் எத்தனை படலையில் நின்று சொல்லியிருப்பேன்! கேட்டதும் "ஐயோ பாவம் பிள்ளை" என்பார்கள். சொன்ன வாய் மூடுவதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும். "பிறகு சீ.ஐ.டி. அது இதெண்டு வந்து விசாரிப்பாங்கள். எங்களுக்கேன் கரைச்சல்? வேறை இடம் பாருங்கோவன்."

கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் பிள்ளைகளையும் புருசன்மாரையும் கேட்டுக் குந்தியிருக்கிற தாய்மாரோடு நானும் போய் இருந்திருக்கிறேன். அதைக் கண்ட வீட்டுக்காரர் ஒருவர் அடுத்த மாதமே வாடகையைக் கூட்டினார். காசு தேவைப்பட்டுக் கூட்டவில்லை, நானாக எழும்பிப் போகட்டும் என்றுதான் கூட்டினார். புருசனைத் தேடுகிறவளுக்கு ஒரு அறை கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அவரைக் கொண்டுபோனவர்களை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கேள்வி எல்லாம் என்னிடம்தான்.

அதற்குப் பிறகு வருவது, "நீங்கள் எந்த ஊர் ஆக்கள்?" என் அப்பாவும் அம்மாவும் 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். நான் இந்த மண்ணில் பிறந்தவள். ஷெல் விழுந்தபோது பங்கருக்குள் எல்லாரோடும் ஒன்றாகத்தான் கிடந்தேன். முள்ளிவாய்க்காலில் எல்லாரும் குடித்த அதே கஞ்சியைத்தான் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தேன். அங்கே ஒருவரும் என்னிடம் ஊர் கேட்கவில்லை. இன்றைக்கு மதில் எழுப்பி, கேற் போட்டு, மேலே தண்ணீர்த் தாங்கி வைத்த பிறகு கேட்கிறார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கும்போது "தோட்டக்காட்டான்" என்ற சொல் முதுகில் வந்து விழுகிறது. அந்தச் சொல் என் மகளின் காதிலும் விழுகிறது என்பதை அவர்கள் ஒருபோதும் யோசிப்பதில்லை.

உனக்கு ஏன் சொந்த வீடு இல்லை, இந்தியாக்காரன் வீதிக்கு வீதி கட்டிக் கொடுத்தானே, அப்போது எங்கே போனாய் என்று கேட்பவர்களும் உண்டு. நான் எங்கேயும் போகவில்லை. கிளிநொச்சியே காணியில்லாதவர்களுக்கென்று உண்டான ஊர். யாழ்ப்பாணத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, தொழிலில்லாமல் இருந்தவர்களை 1936இல் இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். அதற்கு முதல் வருடம்தான் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்கீழ் போமிற் என்ற அனுமதிப்பத்திரம் கிடைத்தவர்கள் காணிக்காரர் ஆனார்கள். நாற்பது வருடம் கழித்து அடிவாங்கி ஓடிவந்த எங்கள் ஆட்கள் அந்தக் காணிகளில் கூலிக்கு நின்றார்கள். காந்தியம் அமைப்பு கொஞ்சப் பேரைப் பிடித்துக் குடியேற்றியது. அதைக் கட்டியெழுப்பிய டொக்டர் இராஜசுந்தரத்தை 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் வைத்துக் கொன்றார்கள். என் அப்பா ஒரு காணிக்காரரின் வளவு மூலையில் கொட்டில் போட்டார். "இருங்கோ" என்று அந்த மனிதர் வாயால் சொன்னதுதான் அப்பாவிடம் இருந்த உறுதி.

2010இல் மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அந்த மூலையில் நாங்கள் வைத்த தென்னைகளுக்குத் தலை இல்லை. காணிக்காரரின் பிள்ளைகள் போமிற்றோடு வந்து நின்றார்கள். அவர்களில் நான் பிழை சொல்லமாட்டேன். அவர்களும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள்தான். அந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுத்தார்கள். ஆனால் கட்டுவதற்குக் காணி காட்ட வேண்டும். காணி இல்லாதவளை அந்தப் பட்டியலில் எழுத ஒரு கட்டம்கூட இருக்கவில்லை. வீடு ஆருக்கு முதலில் வேண்டுமோ அவளை வாசலிலேயே மறித்துவிட்டுத் திட்டம் முடிந்தது.

காணி இருந்தவர்களுக்கும் என்ன நடந்தது? 2012 செப்டெம்பரில் மெனிக்பாமை மூடியபோது, கடைசியாக ஏற்றின கேப்பாப்புலவுச் சனத்தைச் சீனியாமோட்டைக் காட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்களின் சொந்த வளவுக்குள் இராணுவ முகாம் இருந்தது. அந்த ஊரின் பிலக்குடியிருப்புப் பெண்கள் 2017 ஜனவரி 31 தொடங்கி விமானப்படை முகாம் வாசலில் இரவு பகலாகக் கிடந்துதான் மார்ச் 1ஆம் திகதி தங்கள் காணிக்குள் கால் வைத்தார்கள். பச்சைக் குழந்தைகளோடு கிடந்தார்கள். முல்லைத்தீவில் இப்படி, எங்களிடம் அப்படி. வன்னியில் வாடகை வீட்டில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் பறிபோன காணி ஒன்று, அல்லது ஒருநாளும் கிடைக்காத காணி ஒன்று இருக்கிறது.

வாடகை வீடு என்றால் என்னவென்று சொல்கிறேன். ஒரு வருட வாடகையை முன்கூட்டியே மொத்தமாகத் தா என்பார்கள். தையல் மெசினில் குனிந்திருந்து சம்பாதிக்கிறவள் அதற்கு எங்கே போவாள்? நுண்கடன்காரனிடம் போவாள். வாரா வாரம் அவன் படலையில் வந்து நிற்பான். வீட்டுக்காரர் காசை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைப்பார், பற்றுச்சீட்டு இல்லை. "என்னை நம்பேல்லையோ?" என்று கேட்பார். உடன்படிக்கை எழுதுவமா அண்ணை என்று கேட்டால் முகத்தைத் திருப்புவார். மின்சாரத்துக்கு ஒரு சின்ன மீற்றரைப் பின்சுவரில் பூட்டி, தன் மனதுக்கு வந்த விலையை அலகுக்குப் போடுவார். ஆடி ஆவணி வந்தால் வயிறு கலங்கும். கோவில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிற காலம் அது. "தம்பியாக்கள் கனடாவிலை இருந்து வருகினம், வீட்டை விடுங்கோ." மூன்று கிழமை நின்றுவிட்டுப் போகிறவர்களுக்காக, வருடக்கணக்கில் இருந்தவள் சட்டி பானையைக் கட்ட வேண்டும்.

அப்படி ஒரு ஆவணியில் நான் எழும்ப மறுத்தேன். மூத்தவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை கிட்ட வந்துவிட்டது, பரீட்சை முடியும் மட்டும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். முற்பணம் கொடுத்த மாதங்களும் முடிந்திருக்கவில்லை. அடுத்த நாள் நான் கடைத்தெருவுக்குப் போன நேரம் வீட்டுக்காரர் வந்து பின்சுவர்ப் பெட்டியைத் திறந்து பியூஸைக் கழற்றிக்கொண்டு போனார். கிணற்றடியில் இருந்த வாளியையும் கயிற்றையும் எடுத்துத் தன் மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டார். சின்னவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் ஈரம் சொட்டச் சொட்டப் போனதாம். வாளியை விட்டுவிட்டுப் போங்கோ மாமா என்று பிள்ளை கேட்டிருக்கிறாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிரவு மூத்தவள் போன் வெளிச்சத்தில் கணக்குச் செய்தாள். நான் சாறியைக் கிழித்து முறுக்கிக் கயிறாக்கித் தண்ணீர் அள்ளினேன்.

பொலிசுக்குப் போனேன். இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அவையின்ரை வீடுதானே, கேட்டால் குடுத்திட்டுப் போறதுதானே" என்றார். முறைப்பாட்டு எண்கூடத் தரவில்லை. நான் திரும்பி வருவதற்குள் சாமான்கள் முற்றத்தில் கிடந்தன. தையல் மெசின் சரிந்து கிடந்தது. சில்லில் மண் ஏறியிருந்தது. கதவில் புதுப் பூட்டு.

அந்த நாள் எனக்குத் தெரியாதிருந்த ஒன்றைப் பிறகுதான் நீதிமன்ற விறாந்தையில் ஒரு இளம் சட்டத்தரணிப் பிள்ளை சொன்னாள். வீட்டுக்காரர் செய்தது சட்டப்படி பிழை. வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற வீட்டுக்காரருக்கும் அதிகாரம் இல்லை, பொலிசுக்கும் அதிகாரம் இல்லை. மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையோடுதான் வெளியேற்றலாம். பலவந்தமாகப் பூட்டிவிட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பொலிஸ் அறிக்கை போடாவிட்டாலும் சத்தியக்கடதாசியோடு நாங்களே நேரே போகலாம். அந்த வழக்கில் காணி ஆருக்குச் சொந்தம் என்று தோண்டமாட்டார்கள். ஆர் இருந்தது, ஆர் பலவந்தமாக வெளியேற்றியது என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு இதைச் சொன்னபோது இரண்டு மாதமும் கடந்து போயிருந்தது.

ஏன் அந்த இரண்டு மாதத்துக்குள் ஒருவரும் சொல்லவில்லை? பொலிசில் இருந்தவருக்குத் தெரியாதா? கடிதத்துக்கு அலைந்த அலுவலகங்களில் மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியாதா? சட்ட உதவி ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது, வசதியில்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பேசும் என்று ஒரு துண்டுப் பிரசுரம் கிராம சேவையாளரின் சுவரில் ஒட்டியிருந்தால் போதுமே. டெங்குக்கு ஒட்டுகிறார்கள்.

ஆனால் என் நெஞ்சை எரித்தது அதுக்குப் பிறகு அவள் சொன்ன விசயம்தான். இந்த நாட்டில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்று ஒன்று உண்டாம். மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக்கூடாது. வாங்கின காசுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீர், வெளிச்சம் என்று இருந்த வசதியை வெட்டக்கூடாது. எண்ணின நேரம் எழுப்பக்கூடாது. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு நடுங்கியது. இவ்வளவும் இருந்ததா எனக்கு?

"அக்கா, அந்த வீடு எப்ப கட்டினது?" என்று கேட்டாள்.

"2013."

"அப்ப உங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது." 1980இல் திருத்தம் கொண்டுவந்தார்களாம். 1980 ஜனவரி 1க்குப் பிறகு கட்டி வாடகைக்குக் கொடுத்த குடியிருப்பு வீடுகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே. வீடு கட்டுகிறவர்களை ஊக்கப்படுத்த அப்படிச் செய்தார்களாம். கொழும்பில் அது நியாயமாக இருக்கலாம். அங்கே வெள்ளைக்காரன் காலத்து வீடும் நிற்கிறது, நேற்றுக் கட்டின மாடியும் நிற்கிறது.

இங்கே வந்து பாருங்கள்! 1980க்கு முந்திய சுவர் ஒன்றை எனக்குக் காட்டுங்கள்! 1996இல் சத்ஜெய இராணுவ நடவடிக்கை என்று சொல்லி ஒருமுறை இடித்தீர்கள். 1998இல் நகரம் கைமாறியபோது மிச்சமும் தரையோடு போனது. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் நுழைந்தபோது ஒரு மனிதச் சீவன் இல்லாத, கூரையில்லாத ஊருக்குள் நுழைந்தது. பரந்தனிலிருந்து மாங்குளம் மட்டும் எழும்பி நிற்கிற சுவர் எல்லாம் அதற்குப் பிறகு வைத்த கல். எங்கள் வீடுகளை அழித்ததும் அரசாங்கத்தின் போர், அழிந்ததற்குப் பிறகு கட்டினவை என்பதால் பாதுகாப்பு இல்லை என்பதும் அரசாங்கத்தின் சட்டம். 1980 என்று ஒரு திகதியை எழுதி எங்கள் ஊர்களின் வாடகைக் குடியிருப்பாளர் முழுப்பேரையும் வெளியே தள்ளியிருக்கிறார்கள். பாராளுமன்றத்துக்கு இங்கேயிருந்து இத்தனை பேரை அனுப்பினோமே, ஒருவராவது எழும்பி நின்று இந்தத் திகதியைப் பற்றிக் கேட்டாரா?

அதோடும் முடியவில்லை. எங்கள் பக்கத்துக் காணிகளில் பெரும்பங்கு போமிற் காணி. போமிற் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் குத்தகைக்குக் கொடுக்கக்கூடாது. அதனால்தான் வீட்டுக்காரர் உடன்படிக்கைக்கு முகத்தைத் திருப்பினார். நொத்தாரிசிடம் போனால் அவருடைய வில்லங்கம் வெளியே வந்துவிடும். அவர் தன் போமிற்றைக் காப்பாற்ற என் பெயர் ஒரு கடதாசியிலும் வரக்கூடாது. வாக்காளர் இடாப்பில் பதியப் போனால் அவருடைய கையெழுத்தைக் கேட்கிறார்கள், வைக்கமாட்டார். இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் சின்னவளை முதலாம் ஆண்டில் சேர்க்க வதிவிடப் புள்ளி இல்லை. பாடசாலை மதிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பிள்ளையைத் தொலைவுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினேன். 2018 டிசம்பரில் இரணைமடு திறந்து வெள்ளம் வந்தபோது எங்கள் அறைக்குள்ளும் முழங்கால் மட்டும் தண்ணீர். விபரம் எடுக்க வந்தவர் வீட்டுச் சொந்தக்காரரின் பெயரை எழுதிக்கொண்டு போனார். நனைந்தது என் பாய், என் துணி, என் பிள்ளைகளின் கொப்பிகள்.

மூத்தவள் இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 2021இல் வளாகத்தைத் தனிப் பல்கலைக்கழகமாக்கினார்கள். சந்தோசம். விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் பம்பைமடுப் பக்கமும் குருமன்காட்டிலும் அறை எடுக்கிறார்கள். ஒரு அறைக்குள் நாலு பெட்டைகள், தலைக்கு இவ்வளவு என்று வாடகை. ஆறு மணிக்குப் பிறகு வந்தால் கேற் பூட்டு. நூலகத்தில் இருந்து பிந்தி வந்த பிள்ளையை வீதியில் நிற்கவைத்த வீட்டுக்காரி, அடுத்த நாள் "பெட்டைப் பிள்ளையள் எண்டபடியால் சொல்லுறன்" என்று புத்தி சொன்னாளாம். வவுனியா நகரசபை மாநகரசபையாகிவிட்டது. அறை வாடகைக்கு விடுகிறவர் எந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர் என்று எழுதி வைக்க ஒரு சபைக்கும் நேரம் வரவில்லை.

வீட்டுக்காரர்களின் பயம் எனக்குத் தெரியாததல்ல. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது தங்கள் வீட்டில் வேறு ஆட்கள் இருக்கக் கண்டவர்கள் அவர்கள். பத்து வருடம் இருந்தால் காணியைப் பிடித்துவிடுவார்கள் என்ற பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. அவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே தொடக்கம் 2009 மே மட்டும் யுத்தத்தால் தங்கள் காணிக்கு வரமுடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை ஆட்சிக்காலக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அண்ணை, நான் மாதா மாதம் வாடகை தந்து, நீங்கள் பற்றுச்சீட்டு எழுதினால், வீடு உங்களுடையது என்று நானே ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும்? அந்தத் துண்டு உங்களைத்தான் முதலில் காக்கும். அதைத் தர மறுத்து, என் பிள்ளைக்குப் பதிவுக் கையெழுத்து மறுத்து, நீங்கள் காப்பாற்றியது எதை?

கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் இருக்கிற எங்கள் சொந்தங்களே, உங்களிடமும் கேட்கிறேன். அங்கே நீங்கள் வாடகைக்கு இருந்தபோது, இப்படி எழுப்ப வந்த வீட்டுக்காரனை விட்டிருப்பீர்களா? கடிதம், நோட்டீஸ், தீர்ப்பாயம் என்று ஓடி உங்கள் உரிமையைக் கேட்டிருக்கமாட்டீர்களா? இங்கே உங்கள் வீட்டுத் திறப்பை ஒரு மச்சானிடம் கொடுத்துவிட்டு, உள்ளே ஆர் இருக்கிறாள், அவளுக்கு எத்தனை பிள்ளைகள், அவளை எப்படி எழுப்பினார்கள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? நீங்கள் வந்து நின்ற அந்த மூன்று கிழமையும் உங்கள் பிள்ளைகள் குளித்த கிணற்றில் என் சாறிக் கயிறு கிடந்ததே.

இப்போது எங்கள் வீதியில் ஆரை எழும்பச் சொன்னாலும் என்னிடம் ஓடி வருகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாய்ப்பேச்சில் மாத வாடகைக்கு எடுத்தாலும் அது வாடகைதான், 1840ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்கு நொத்தாரிசு எழுத்து வேண்டாம் என்கிறது. எழும்பச் சொல்வதென்றால் ஒரு முழு மாத அறிவித்தல் தர வேண்டும். காசைக் கையில் கொடுக்காதே, வங்கியில் போடு, துண்டை வைத்திரு. பியூஸைக் கழற்றினால் போனில் படம் எடு. பொலிசில் முறைப்பாட்டு எண் வாங்காமல் எழும்பாதே. மத்தியஸ்த சபைக்கு எழுது. பூட்டிவிட்டால் அழுதுகொண்டு நில்லாதே, இரண்டு மாதம் ஓடிவிடும், உடனே நீதிமன்றத்துக்குப் போ. போன மாதம் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெட்டை என் வாசலில் வந்து நின்றாள். அவளோடு நான்தான் பொலிசுக்குப் போனேன். எண்ணைத் தரும் மட்டும் வாங்கிலிலிருந்து எழும்பவில்லை. தந்தார்கள். அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

இதை எல்லாம் நான் செய்ய வேண்டிய தேவை என்ன? தையல்காரி நான். வரும் மாகாணசபைக்கும் இருக்கிற பாராளுமன்றத்துக்கும் கேட்கிறேன்: அந்த 1980ஐ வெட்டுங்கள். போமிற் காணியில் கட்டிய வீட்டை முறைப்படி வாடகைக்குக் கொடுக்க பிரதேச செயலகத்தில் ஒரு விண்ணப்பத்தாளை வையுங்கள். வாடகைக்கு இருப்பவரின் பெயரை இடாப்பில் பதிய வீட்டுக்காரரின் கையெழுத்தை நிபந்தனையாக்காதீர்கள், அயலவர் இருவர் சாட்சி சொன்னால் போதும் என்று ஆக்குங்கள். காணியில்லாதவர்களுக்குக் காணி கொடுங்கள், காடழிக்கச் சொல்லவில்லை, முகாம் போட்டுப் பிடித்து வைத்திருப்பதை விடுங்கள். நீங்கள் செய்யும் மட்டும் நான் சும்மா இருக்கப்போவதில்லை. வாற முதலாம் திகதி வாடகை கொடுக்கப் போகும்போது பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை என் காசில் வாங்கிக்கொண்டு போகிறேன். திகதி, தொகை, வீட்டிலக்கம், என் முழுப்பெயர் எல்லாம் நானே எழுதியிருப்பேன். வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கட்டும். வைக்காவிட்டால் காசு வங்கிக்குப் போகும், கடிதம் மத்தியஸ்த சபைக்குப் போகும்.